அளக்காத பாய்ச்சல்

அந்தப் பிள்ளை இன்னும் மணலுக்குள்தான் இருக்கிறாள். முழங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகை எங்களுக்குக் காட்டியபடி, நீளம் பாய்தல் குழியின் நட்டநடுவில் இருக்கிறாள். நான் மேடையில் இருக்கிறேன். தோளில் பொன்னாடை, கழுத்தில் மாலை, நெற்றியில் வரவேற்புத் தட்டுப் பிடித்த சிறுமி அப்பிவிட்ட சந்தனம் காய்ந்து தோலை இழுக்கிறது. வடமேற்கு லண்டனில் ஒரு பூங்கா, ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பள்ளியின் வருடாந்த விளையாட்டுப் போட்டி, பிரதம விருந்தினர் நான். சங்கத் தலைவர் தவநேசன் ஒலிவாங்கியைக் கடித்துவிடுவார் போலப் பிடித்துக்கொண்டு என்னை அறிமுகப்படுத்துகிறார். "உயரம் பாய்தலில் பிரித்தானிய நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்திய எங்கள் இனத்தின் செல்வி, பிரபாலினி நவரத்தினம்..." உயரம் இல்லை ஐயா, நீளம். இளமை முழுவதும் நீளம் பாய்ந்தவளை ஒரே மூச்சில் உயரம் பாய வைத்துவிட்டீர்கள். கை தட்டுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். என் வாய்க்கு வெட்கமே இல்லை, யார் எதைச் சொன்னாலும் சிரித்துவிடும். சற்று முன்பும் சிரித்தது, அந்தப் பிள்ளையின் பாய்ச்சலை என் கண் முன்னால் அழித்தபோது. வாசலிலிருந்து மேடைக்கு என்னைப் பாண்ட் வாத்தியத்தோடு அழைத்து வந்தார்கள். வழி மணற்குழியின் ஓரத்தால் போனது. அவள் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டாள். "பிரதம விருந்தினர் வருகிறார், அனைவரும் எழுந்து நிற்கவும்" என்று ஒலிபெருக்கி கத்தியது. மிதித்துப் பாயும் பலகையடியில் கொடியோடு நின்றவர் திரும்பி என்னைக் கும்பிட்டார். அளவு நாடா வைத்திருந்தவர் நாடாவைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் பறந்தாள். பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். குழியோரத்தில் முதலிடத்தைக் காட்ட ஒரு நீல முளை நட்டிருந்தார்கள், அதற்கும் ஒரு சாண் அப்பால் விழுந்தாள். எழும்பி, மணலைத் தட்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு மனிதர் வாரியோடு ஓடி வந்து மணலை இழுத்துச் சமப்படுத்திவிட்டார். ஏன் என்றால் நான் வருகிறேனாம். நீளம் பாய்ந்த அம்மாவின் கண்ணுக்குக் குழி துப்புரவாய்த் தெரிய வேண்டுமாம். என்ன மரியாதை! முன்னால் தட்டு, பின்னால் பாண்ட், பக்கத்தில் தவநேசன், நான் நிற்க முடியாமல் நடந்தேன், நடந்துகொண்டே சிரித்தேன்.

இந்தச் சிரிப்பு எங்கே பழகியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டு வரவேற்பறையில் பழகியது. இதே தவநேசன், அப்போது மீசை கறுப்பு, தலை நிறைய மயிர், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அப்பாவிடம் வந்தார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். "பிள்ளை அரைக் காற்சட்டையோடை ஓடுறது நாலு சனம் பார்க்குது அண்ணை. பேப்பரிலை படம் வேறை. நாளைக்கு ஆர் செய்வான்?" செய்வான் என்றால் கலியாணம் செய்வான் என்று அர்த்தம். எனக்குப் பதினாறு வயது. அப்பா பெட்ரோல் நிலையத்தில் வேலை முடித்து வந்த களையோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பிஸ்கட் தட்டை நீட்டிச் சிரித்தேன். அவர் இரண்டு பிஸ்கட் எடுத்தார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது, இரண்டு எடுத்தார்! அப்பா அவர்கள் போன பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "பயிற்சிக்கு நேரம் போட்டுது, வா" என்றார், அவ்வளவுதான், அந்த மனிதர் அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பேசியதே இல்லை. இன்றைக்கு அதே தவநேசன் "நாங்கள் அன்றே ஊக்குவித்தோம்" என்கிறார். நாங்கள்! யார் அந்த நாங்கள்? ஊக்குவித்தது ஒரு மனிதர், அவர் இறந்து ஆறு வருடமாகிறது, அவர் பெயரை இந்த ஒலிவாங்கி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சரி, இவர்கள்தான் இப்படி என்றால் மற்றவர்கள் மட்டும் என்ன? இங்கிலாந்துக்காரருக்கு என் பெயரே வாயில் நுழையவில்லை. பிரபாலினியைப் பிடுங்கி லின் ஆக்கினார்கள். நன்றாகப் பாய்ந்த நாட்களில் "எங்கள் லின்", பிழைவிட்ட நாட்களில் "இலங்கையைச் சேர்ந்த". நான் பிறந்தது இந்தப் பூங்காவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்து ஆஸ்பத்திரியில். பெரிய போட்டிகளுக்கான தேர்வுக் குழுவில் ஒரு கனவான், கழுத்துப் பட்டி கட்டியவர், என் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பார்ப்போம், உனக்கு இன்னும் வயது இருக்கிறது" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருடம், "வயது போய்விட்டதே" என்றார். இடையில் எந்த நாளில் என் வயது சரியாக இருந்தது? அதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் நன்றி சொன்னேன். நன்றியாம். பல்லைக் கடித்தால் வலது பக்கத்துக் கடைவாய் வலிக்கிறது, வெயில் கண்ணில் குத்துகிறது, யாரோ ஒரு கிளாசில் மாம்பழச் சாறு கொண்டுவந்து வைக்கிறார்கள். அவள் அசையவே இல்லை.

"அது ஆரப்பா அந்தப் பிள்ளை?" என்று பக்கத்துக் கதிரையில் இருக்கும் செயலாளர் கௌசலாவிடம் கேட்டேன். தெரியாத மாதிரித்தான் கேட்டேன். "அது ஆரபி, அக்கா. நீளம் பாய்ஞ்ச பிள்ளை. சரியான பிடிவாதம். தாய் தேப்பன் கெஞ்சியும் எழும்பேல்லை." "ஏனாம்?" "கடைசிப் பாய்ச்சல் அளக்கேல்லையாம். மற்ற ரெண்டும் பலகையைத் தாண்டி மிதிச்சுப் பிழைச்சுப்போச்சு. அப்ப அவவுக்கு ஒரு இடமும் இல்லை. என்ன செய்யிறது, பாவம்." பாவம்! இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரை நான் சந்திக்க வேண்டும். அடித்துவிட்டுப் பாவம், தள்ளிவிட்டுப் பாவம், கும்பிட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பாவம். அந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரருக்கு "அன்லக்கி". என் வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட ஆங்கிலச் சொல் அதுதான், என் பெயரைவிட அதிகமாய்க் கேட்டேன். யாரோ ஒருவரின் கை செய்த வேலைக்கு அதிர்ஷ்டத்தைப் பிடித்து வந்து கூண்டில் நிறுத்துவார்கள். "திரும்பப் பாய விட்டால் என்ன?" என்றேன். கௌசலா என் கையைத் தொட்டாள். "ஐயோ அக்கா, இந்தப் பார்க்கை ஆறு மணிக்குத் திருப்பிக் குடுக்க வேணும். இனி மெடல் குடுக்கிறது, வினோத உடைப் போட்டி, எல்லாம் கிடக்கு. நீங்கள் ஜூஸ் குடியுங்கோ." மூன்று பதக்கங்கள் வெல்வெட் தட்டில் இருக்கின்றன, மேசையில், என் முழங்கைக்குப் பக்கத்தில். நீளம் பாய்தல் பதக்கங்களை என் கையால்தான் போட வேண்டுமாம், பொருத்தமாய் இருக்குமென்று கௌசலா யோசித்த யோசனை. அந்தப் பிள்ளை மணலில் இருக்க, நான் வேறு மூன்று பிள்ளைகளின் கழுத்தில் போட்டு, கன்னத்தைத் தட்டி, படத்துக்கு நிற்க வேண்டும். அந்தப் படம் சங்கத்தின் முகநூலில் வரும். அவள் பார்ப்பாள். அவளுக்கு எத்தனை வயதிருக்கும், பன்னிரண்டு, பதின்மூன்று. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற வயது.

எழும்பினால் என்ன. ஒன்றும் இல்லை, எழும்பலாம். எழும்பிச் சொல்லலாம், நான் பார்த்தேன் என்று. பார்த்தேனா? விழுந்ததைப் பார்த்தேன், நீல முளைக்கு அப்பால், மணல் வெடித்ததைப் பார்த்தேன். கால்? ஏற்கெனவே இரண்டு தடவை பலகையைத் தாண்டி மிதித்தவள். மூன்றாவதும் தாண்டியிருந்தால்? நான் போய்க் கூத்தாடி, பிறகு யாராவது, "அக்கா, அது பிழைப் பாய்ச்சல்" என்றால்? இவளுக்கு அப்பவே திமிர் என்று சொல்வதற்கு இங்கே பாதிச் சனம் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. கால். நினைத்துப் பார். பாண்ட் அடித்தது, சந்தனம் குளிர்ந்தது, தவநேசன் "இதாலை வாங்கோ தங்கச்சி" என்றார், நான் இடது பக்கம் திரும்பினேன். வெள்ளைச் சப்பாத்து. வெள்ளைச் சப்பாத்து வெள்ளைப் பலகையில். விளிம்பு தெரிந்ததா? மைதானத்தில் நான் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, இன்றுவரை. தன் பிள்ளையைப் பிடிக்க ஓடும் தாயாக இருந்தாலும் காலைத்தான் பார்ப்பேன். அவளுடைய முகம் எனக்குத் தெரியாது. அதனால் கால் தெரிந்திருக்க வேண்டும். பலகையின் விளிம்புக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு வெள்ளை மிச்சம் இருந்தது. இருந்தது. இல்லை, அது நான் விரும்புவதால் இருக்கிறதா? ஒரு தடவை இப்படித்தான், பேர்மிங்ஹாமில் தேர்வுப் போட்டி, என் வாழ்க்கையின் மிகப் பெரிய பாய்ச்சல், காற்றிலேயே தெரிந்துவிட்டது, உடம்புக்குத் தெரியும் அது, வயிற்றுக்குள் ஒரு அமைதி வரும். அம்மா முடியை வெட்ட விடவே இல்லை. ஓடினாலும் பாய்ந்தாலும் பின்னல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண் மாதிரி இல்லையாம். சுருட்டி ஊசி குத்திக் கட்டியிருந்தேன். காற்றில் ஊசி கழன்றது. நான் விழுந்தேன், பின்னல் எனக்குப் பின்னால் விழுந்தது. மணலில் உடம்பு பட்ட இடங்களில் பலகைக்கு எது கிட்டவோ அங்கிருந்துதான் அளப்பார்கள், பின்னலும் உடம்புதான், சட்டம் அப்படி. நடுவர் ஒரு நரைத்த பெண்மணி, நல்லவர், என்னை மன்னிப்புக் கேட்பதுபோலப் பார்த்துவிட்டு, பின்னல் கீறின கோட்டில் அளவு முளையை நட்டார். சட்டத்தோடு எனக்குக் கோபம் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களே, அதுதான். அடுத்த நாள் பத்திரிகையில் என் பாய்ச்சலைப் பற்றி ஒரு வரி இல்லை, என் பின்னலைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி. ஒலிம்பிக்குக்கு வேறொருத்தி போனாள். நான் பேர்மிங்ஹாம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூனுக்குள் போய், ஆண்களுக்கு வெட்டுகிறவனிடம் கழுத்தைக் கொடுத்தேன். அம்மா மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோவிலில் ஒரு மனுசி, "ஏன் பிள்ளை, ஏதும் நேர்த்திக்கடனோ?" என்று கேட்டாள். ஓம் அன்ரி, நேர்த்திதான், இனி என் தலையிலிருந்து யாரும் அளக்கக் கூடாது என்று நேர்த்தி. அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் நான் எவ்வளவு வாயாடி! அதற்குப் பிறகும் ஏழு வருடம் பாய்ந்தேன், முழங்கால் நழுவும்வரை. அந்தத் தூரம் திரும்ப வரவேயில்லை. எனக்கு அளந்தார்கள், குறைத்தாவது அளந்தார்கள். அவளுக்கு அதுகூட இல்லை. அவள் பாய்ந்ததற்கு உலகத்தில் ஒரு அடையாளமும் இல்லை, என் தலைக்குள் இருப்பதைத் தவிர. பெருவிரல் அகலம் வெள்ளை. இருந்தது. நூறு தடவை கேட்டாலும் இருந்தது.

ஒலிபெருக்கி திடீரென்று வேறு குரலில் பேசியது. "நீளம் பாய்தல் குழிக்குள் இருக்கும் பிள்ளை தயவுசெய்து வெளியில் வரவும். விழா நடக்கிறது. பெற்றோர் கவனிக்கவும்." சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பெரிய சிரிப்பு இல்லை, அந்தச் சின்னச் சிரிப்பு, எனக்குத் தெரிந்த சிரிப்பு. ஆரபி திரும்பவில்லை. கையால் மணலை அள்ளித் தன் காலின் மேல் போட்டாள். இன்னும் ஆழமாய் இருக்கப் போகிறாளாம். எனக்கு மார்புக்குள் என்னவோ ஏறியது. அழுகை என்று நினைத்தேன், இல்லை, கோபம், நல்ல சூடான கோபம். இத்தனை காலம் நான் யாருக்காகப் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்? தவநேசன் இப்போது, "எங்கள் பிரதம விருந்தினர் பதக்கங்களை அணிவித்து, இரண்டு வார்த்தை பேசுவார்" என்று ஒலிவாங்கியை என் பக்கம் நீட்டினார். வெல்வெட் தட்டு வந்தது. நான் எழும்பினேன். முழங்கால் வழக்கம்போல முறுகியது. "நீளம் பாய்தல் இன்னும் முடியேல்லை" என்றேன் ஒலிவாங்கியில். என் குரல் பூங்காவின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது. "என்ன தங்கச்சி?" என்றார் தவநேசன். "அந்தப் பிள்ளை பாய்ஞ்சதை அளக்க முதல் அழிச்சுப்போட்டியள். அளக்க முதல் அழிஞ்சால் திரும்பப் பாய விட வேணும். அதுதான் சட்டம்." "பிறகு பார்ப்பம், சனம் பார்த்துக்கொண்டு நிக்குது." "பார்க்கட்டும் அண்ணை. எனக்கும் உயரமில்லை, நீளம்." அவருக்கு விளங்கவில்லை. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தேன், பொன்னாடையைக் கதிரையில் போட்டேன், படியால் இறங்கினேன். கௌசலா, "அக்கா, அக்கா" என்று பின்னால் வந்தாள். காலை மழையில் புல் இன்னும் ஈரமாய் இருந்தது, சேலைக் கரை நனைந்தது. இவ்வளவு தூரமா, மேடையிலிருந்து கிட்டவாய்த் தெரிந்ததே. போய் என்ன சொல்லப் போகிறாய்? அவள் அழுதால் என்ன செய்வாய்? எனக்கு அழும் பிள்ளைகளைத் தேற்றத் தெரியாது. அவளுடைய தாய் குழியோரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்று, என்னைக் கண்டதும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். எதற்கு மன்னிக்க?

ஆரபி அழவில்லை. முகம் சிவந்து, மூக்கில் மணல் ஒட்டியிருந்தது. "எழும்ப மாட்டன்" என்றாள், நான் வாயைத் திறக்க முதலே.

"எழும்ப வேண்டாம். எனக்கு ஒண்டு சொல்லு. ஏன் இருக்கிறாய்?"

"நீங்கள் வந்தது. அதான் ஒருத்தரும் பார்க்கேல்ல. உங்களாலதான்." லண்டனில் வளர்ந்த தமிழ், ஒவ்வொரு சொல்லாய்த் தேடி எடுத்து எறிந்தாள். தாய், "பிள்ளை!" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாய் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஓம்" என்றேன். "என்னாலைதான். திரும்பப் பாயிறியோ?"

அவள் எழும்பி, மணலைத் தட்டாமலே நடந்தாள். ஓடுபாதையின் கோடியில் போய் நின்று கையைக் காட்டினாள். விலகச் சொல்கிறாள். நான் வழியில் நின்றிருக்கிறேன். விலகினேன். கொடிக்காரரைப் பலகையடிக்குப் போகச் சொன்னேன், நாடாக்காரரைக் குனியச் சொன்னேன், வாரி வைத்திருந்தவரிடம், "நான் சொல்லுமட்டும் அந்த வாரி நிலத்திலை படக் கூடாது" என்றேன். அவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டார். மேடையில் ஒலிபெருக்கி கரகரத்து ஓய்ந்தது. அவள் ஓடினாள். கோபத்தில் ஓடுகிறவள் பலகைக்குக் கிட்ட அடியைச் சுருக்குவாள், எனக்குத் தெரியும், சுருக்கினாள். வெள்ளைக் கொடி, பிழையில்லை. நாடாவை இழுத்தார்கள். நீல முளைக்கு இப்பால், மூன்றாம் இடம். சனம் கை தட்டியது. தாய் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். "பார்த்தியே, மெடல் கிடைச்சிட்டுது!" கௌசலாவும், "அப்ப எல்லாருக்கும் சந்தோசம்தானே" என்றாள். சந்தோசம். கதை முடிந்தது, எல்லோரும் மேடைக்குத் திரும்பலாம், வினோத உடைப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆரபி தாயின் கையை விலக்கிவிட்டு நாடாவைப் பார்த்தாள், முளையைப் பார்த்தாள்.

"முதல் பாய்ஞ்சது இதைவிடத் தூரம்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, மணலைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓம். நான் பார்த்தனான்."

அவள் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "கால் பிழையில்லையா?"

"இல்லை. பலகையிலை ஒரு பெருவிரல் அகலம் மிச்சம் இருந்தது."

"எங்க விழுந்தனான்?"

சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். முழங்காலை மடிக்க வேண்டியிருந்தது, மடித்தேன், வலித்தது, நாசமாய்ப் போகட்டும். நீல முளைக்கு அப்பால் ஒரு சாண். சமப்படுத்திய மணலுக்குள் விரலை அடிவரை குத்தினேன். "இஞ்சை."

தவநேசன் வந்துவிட்டார், மூச்சு வாங்க, கையில் வெல்வெட் தட்டோடு. ஆரபி கிட்ட வந்து குனிந்து, என் விரல் குத்தின ஓட்டையை நன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நாடாக்காரரிடம் சொன்னாள்.

"இப்ப அளவுங்கோ."